ஒரு புள்ளிக்கு என்ன விலை?

கோடி டாலர் வாங்கும் ஐஸ் ஹாக்கி வாலிபர்களின் கணக்கு

1-12-2018. மாலை 5 மணி அடிக்க இன்னும் சில நிமிடங்களே இருந்தன.

கனடா நாட்டில் டொராண்டோ நகரத்து ஐஸ் ஹாக்கி ரசிகர்களுக்கு அன்று ஒரே கவலை. அவர்களுடைய "மேபிள் லீப்ஸ்" கோஷ்டியின் இளம் ஆட்டக்காரர் வில்லியம் நைலாண்டர் கையெழுத்துப் போடுவாரா, மாட்டாரா?

நைலாண்டர் சுவீடன் நாட்டைச் சேர்ந்தவர். அப்போது அவருக்கு வயது 22. சீசன் தொடங்கி இரண்டு மாதம் ஆகியும் அவர் ஆட வரவில்லை. காரணம், சம்பளத் தகராறு.

அன்று மாலை 5 மணிக்குள் ஒப்பந்தம் முடியாவிட்டால், அந்த சீசன் முழுவதும் அவர் ஆட முடியாது. அது லீக்கின் விதி.

கடைசி நிமிடங்களில் கையெழுத்து ஆயிற்று. 6 ஆண்டு ஒப்பந்தம். ஆண்டுக்கு சுமார் 70 லட்சம் டாலர்!

28 ஆட்டங்களை இழந்த பிறகு அவர் களத்தில் இறங்கினார். மீதி 54 ஆட்டங்களில் அவர் போட்ட கோல் 7. மற்றவர்கள் கோல் போட உதவியது 20 தடவை. ஆக மொத்தம் 27 புள்ளி.

ஆண்டுச் சம்பளத்தை 27-ஆல் வகுத்தால், ஒரு புள்ளிக்கு 2½ லட்சம் டாலருக்கு மேல் ஆகிறது. இதற்கா இத்தனை பணம் என்று ரசிகர்கள் முணுமுணுத்தார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேட்ட நேரம் சரியா? அதைத் தெரிந்துகொள்ள, இந்த ஆட்டத்தின் சம்பளக் கணக்கைச் சற்றுப் புரட்டிப் பார்க்கவேண்டும்.

ஐஸ் மேல் ஆட்டம்

இது நம் ஊர் மைதானத்தில் ஆடும் ஹாக்கி அல்ல. தரையில் புல்லுக்குப் பதில் உறைந்த ஐஸ். காலில் சறுக்கு பூட்சு. பந்துக்குப் பதில் "பக்" என்னும் கெட்டியான ரப்பர் வட்டு. கோல் காவலரையும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 6 பேர். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள்.

அமெரிக்காவில் 25 கோஷ்டி, கனடாவில் 7 கோஷ்டி. இந்த 32 கோஷ்டிகளும் சேர்ந்ததுதான் "தேசிய ஹாக்கி லீக்". 2025-26 வரை, வழக்கமான சீசனில் ஒவ்வொரு கோஷ்டிக்கும் 82 ஆட்டம். அதில் முன்னால் வரும் 16 கோஷ்டிகள் "ஸ்டான்லி கோப்பை"க்காக மோதும்.

ஒருவர் கோல் போட்டால் அவருக்கு 1 புள்ளி. அந்த கோலுக்கு முன்பு "பக்"கைத் தள்ளிக் கொடுத்து உதவியவர்களுக்கும், இரண்டு பேர் வரை, ஆளுக்கு 1 புள்ளி. ஒரு சீசனில் 100 புள்ளி எடுத்தால் அவர் முதல் தர நட்சத்திரம்.

சம்பளத்தைப் புள்ளியால் வகுத்தால் ஒரு புள்ளியின் விலை வந்துவிடும். மளிகைக் கடைக் கணக்கு மாதிரி எளிது.

எளிதுதான். ஆனால், அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

ஆடுவதற்கு முன்பே கோடீசுவரர்!

1993-ம் ஆண்டு. கனடாவின் தலைநகரான ஒட்டாவாவில் "செனட்டர்ஸ்" என்னும் கோஷ்டி புதிதாகத் தொடங்கப்பட்டு ஓர் ஆண்டுதான் ஆகி இருந்தது. அந்த ஆண்டு நடந்த இளைஞர் தேர்வில் முதல் ஆளாக அலெக்சாந்தர் டேக் என்ற 18 வயதுப் பையனை அது எடுத்தது.

இளைஞர் தேர்வு என்பது ஆண்டுக்கு ஒரு முறை நடப்பது. உலகம் முழுவதிலும் உள்ள நல்ல இளம் ஆட்டக்காரர்களைக் கோஷ்டிகள் முறை வைத்துப் பொறுக்கி எடுக்கும். எந்தக் கோஷ்டி எடுத்ததோ, அந்தக் கோஷ்டியுடன்தான் பையன் ஒப்பந்தம் பேசவேண்டும்.

டேக் அதுவரை லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடியது இல்லை. ஆனாலும் 5 ஆண்டுக்கு 1 கோடியே 22½ லட்சம் டாலர் என்று ஒப்பந்தம் ஆயிற்று. பல ஆண்டுகள் ஆடிப் பெயர் எடுத்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

முதல் ஆண்டில் டேக் எடுத்தது 51 புள்ளி. மோசம் இல்லை. ஆனால் அதற்கு மேல் அவர் போகவே இல்லை. தன் வாழ்நாளில் எந்த சீசனிலும் அவர் 51 புள்ளியைத் தாண்டவில்லை!

அதே தேர்வில் இரண்டாவதாக எடுக்கப்பட்டவர் கிறிஸ் புரோங்கர். அவர் 2000-ம் ஆண்டில் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசைப் பெற்றார். 2007-ல் ஸ்டான்லி கோப்பையையும் வென்றார்.

டேக்கின் ஒப்பந்தம் முதலாளிகளை விழிக்க வைத்தது. 1994-95 சீசனில் கதவடைப்பு நடந்தது. அது தீர்ந்தபோது, புது ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு ஒரு வரம்பு கட்டினார்கள். முதலில் வரம்பு ஆண்டுக்கு 8½ லட்சம் டாலர். பிறகு 9¼ லட்சம் ஆயிற்று. 2024-ல் எடுக்கப்பட்ட பையன்களுக்கு 9¾ லட்சம். நன்றாக ஆடினால் போனஸ் தனி.

18 வயதில் சேருகிறவருக்கு இந்த முதல் ஒப்பந்தம் 3 ஆண்டுதான். அவர் அர்ஜுனனாகவே இருந்தாலும் சரி, அதற்கு மேல் அடிப்படைச் சம்பளம் கேட்க முடியாது.

ஆக, ஒருவர் தவறிப்போனார். பின்னால் வந்த பிள்ளைகள் எல்லாம் அதற்கு விலை கொடுத்துக்கொண்டு இருக்கிறார்கள்!

ஒரே பானை, ஒரே சோறு

10 ஆண்டுக்குப் பிறகு இன்னொரு கதவடைப்பு வந்தது. 2004-05 சீசன் முழுவதும் ரத்து ஆயிற்று. ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. 2005-ல் ஸ்டான்லி கோப்பையைத் தூக்க ஆளே இல்லை.

அந்தச் சண்டையில் இருந்து பிறந்ததுதான் சம்பள உச்சவரம்பு. ஒரு கோஷ்டி தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று ஒரு வேலி. 2005-06-ல் அந்த வேலி 3 கோடியே 90 லட்சம் டாலர். 2025-26-ல் 9 கோடியே 55 லட்சம் டாலர்.

முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் இந்த வேலியைத் தாண்ட முடியாது. ஒரே பானைச் சோற்றை 20-க்கும் மேற்பட்டவர்கள் பங்கு போட்டுக்கொள்ளவேண்டும். ஒருவர் இலையில் ஒரு கரண்டி அதிகம் விழுந்தால், இன்னொருவர் இலையில் அது குறையும்.

2025-26-ல் ஓர் ஆட்டக்காரருக்குக் கொடுக்கவேண்டிய குறைந்த பட்ச சம்பளம் 7¾ லட்சம் டாலர். நட்சத்திர வாலிபர் ஒருவர் 40 லட்சம் டாலர் குறைத்து வாங்கினால், அந்தப் பணத்தில் இந்தக் குறைந்த சம்பளக்காரர்கள் ஐந்து பேரை வைத்துக்கொள்ளலாம். அல்லது, நல்ல ஆட்டக்காரர் ஒருவரைக் கொண்டுவரலாம். கோப்பை கிடைப்பதும் கிடைக்காததும் பல நேரம் இதில்தான் இருக்கிறது.

ஆகவேதான், வாலிபர்களின் இரண்டாவது ஒப்பந்தம் என்றால் கோஷ்டி மானேஜர்களுக்குத் தூக்கம் வராது. முதல் ஒப்பந்தத்தில் விலை விதியின்படி. ஆட்டக்காரருக்கு 27 வயது ஆகிவிட்டால், அல்லது அவர் 7 சீசன் ஆடி முடித்துவிட்டால், ஒப்பந்தம் தீர்ந்ததும் யாருடனும் போய்ச் சேரலாம். அப்போது விலை சந்தையின்படி. இரண்டுக்கும் நடுவில் வருவதுதான் இரண்டாவது ஒப்பந்தம். அதில் விலை, இரண்டு பக்கத்தாரின் துணிச்சலின்படி!

பூவைப் பார்த்துக் குத்தகை

மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுக்கிறவர்கள் பூ விட்ட நேரத்தில் விலை பேசுவது உண்டு. காய் இன்னும் பிடிக்கவில்லை. நல்ல காய்ப்பு ஆனால் குத்தகைக்காரருக்கு யோகம். காற்று அடித்துப் பிஞ்சு கொட்டினால் அவர் தலையில் துண்டு. தோப்புக்காரருக்கோ பணம் கைக்கு வந்துவிட்டது. இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஐஸ் ஹாக்கி வாலிபர்களின் நீண்ட ஒப்பந்தமும் இதே வியாபாரம்தான்.

கொலராடோ "அவலாஞ்ச்" கோஷ்டியின் நாதன் மெக்கின்னானை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-ல் முதல் ஆளாகத் தேர்ந்து எடுக்கப்பட்டவர். 2016 ஜூலையில், 20 வயதில், 7 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஆண்டுக்கு 63 லட்சம் டாலர்.

முதல் ஆண்டில் அவர் எடுத்தது 53 புள்ளி. ஒரு புள்ளிக்கு சுமார் 1 லட்சத்து 19 ஆயிரம் டாலர். கோஷ்டி ஏமாந்தது என்று சொல்லத் தோன்றும்.

அடுத்த ஆண்டில் 97 புள்ளி! ஒரு புள்ளியின் விலை சுமார் 65 ஆயிரத்துக்கு இறங்கியது. அதற்கு அடுத்த ஆண்டில் 99. ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டான 2022-23-ல் 111 புள்ளி. அப்போது விலை சுமார் 57 ஆயிரம் டாலர்தான்.

மெக்கின்னான் 63 லட்சம் வாங்கிக்கொண்டு இருந்த காலத்தில்தான், 2022-ல் கொலராடோ ஸ்டான்லி கோப்பையை வென்றது. வேலிக்குள் அவர் மிச்சப்படுத்திக் கொடுத்த பணம் மற்றவர்களின் சம்பளமாக அந்தக் கோஷ்டியில் ஆடியது.

அதன்பிறகு அவர் போட்ட ஒப்பந்தம் ஆண்டுக்கு 1 கோடியே 26 லட்சம். 2023-24-ல் 140 புள்ளி எடுத்து, லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் பரிசையும் பெற்றார். வாழ்நாளில் அவர் அதுவரை ஆடாத ஆட்டம் அது. ஆனாலும் ஒரு புள்ளியின் விலை 90 ஆயிரம் டாலர். 53 புள்ளி எடுத்த ஆண்டை விடக் குறைவு. 111 புள்ளி எடுத்த ஆண்டை விட அதிகம்.

சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. ஒருவர் எவ்வளவு நன்றாக ஆடுகிறார் என்பதைப் போலவே, அவர் எப்போது கையெழுத்துப் போட்டார் என்பதும் புள்ளியின் விலையை நிர்ணயிக்கிறது.

ஜெர்மன் வாலிபர்

2017 ஆகஸ்டு மாதம். கனடாவின் எட்மண்டன் "ஆயிலர்ஸ்" கோஷ்டி, லியான் டிரைசைட்டில் என்ற ஜெர்மன் வாலிபருக்கு 8 ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 21. ஆண்டுக்கு 85 லட்சம் டாலர்.

முந்திய சீசனில் அவர் எடுத்து இருந்தது 77 புள்ளி. அந்த ஒரு சீசனை நம்பி இவ்வளவு கொட்டிக் கொடுக்கலாமா என்று பலர் குறை கூறினார்கள். போதாக்குறைக்கு, புது ஒப்பந்தத்தின் முதல் ஆண்டில் அவருடைய புள்ளி 70-க்கு இறங்கியது. விலை சுமார் 1 லட்சத்து 21 ஆயிரம்!

பிறகு நடந்தது என்ன?

2018-19-ல் 50 கோல், 105 புள்ளி. 2019-20-ல் 71 ஆட்டத்திலேயே 110 புள்ளி. தலைசிறந்த ஆட்டக்காரர் பரிசு. 2022-23-ல் 128 புள்ளி. அந்த ஆண்டில் விலை சுமார் 66 ஆயிரம் டாலர்.

குறை கூறியவர்கள் நேற்றையக் கணக்கைப் பார்த்தார்கள். கோஷ்டி நாளையக் கணக்கைப் போட்டது. முன்வரிசை ஆட்டக்காரர்கள் அதிகமாகப் புள்ளி குவிப்பது பெரும்பாலும் இருபதுகளின் நடுவில்தான். 21 வயதில் 8 ஆண்டு ஒப்பந்தம் என்றால், அந்தப் பொன்னான ஆண்டுகள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

முதலில் சொன்ன நைலாண்டர் கதையும் இப்படியே திரும்பியது. 27 புள்ளிக்காகத் திட்டு வாங்கியவர், 2022-23-ல் 87 புள்ளியும் 2023-24-ல் 98 புள்ளியும் எடுத்தார். இரண்டு சீசனிலும் 40 கோல். ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் ஒரு புள்ளியின் விலை சுமார் 71 ஆயிரம். 2½ லட்சத்துக்கு மேல் இருந்தது எங்கே, 71 ஆயிரம் எங்கே!

பாலம் கட்டியவர்

சில கோஷ்டிகள் இந்தத் துணிச்சலுக்கு வருவது இல்லை. "முதலில் இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒரு சின்ன ஒப்பந்தம், பிறகு பார்க்கலாம்" என்று நிறுத்திக்கொள்வார்கள். இதற்குப் "பாலம் ஒப்பந்தம்" என்று பெயர்.

டாம்பா பே "லைட்னிங்" கோஷ்டியின் ரஷிய வாலிபர் நிகிதா குச்செரோவ் 2016-ல், 23 வயதில், அப்படி ஒரு பாலத்தில் ஏறினார். 3 ஆண்டு. ஆண்டுக்கு சுமார் 47 லட்சத்து 67 ஆயிரம் டாலர்.

முதல் ஆண்டில் 85 புள்ளி. இரண்டாம் ஆண்டில் 100. மூன்றாம் ஆண்டில் 128 புள்ளி. லீக்கிலேயே முதல் இடம்! அந்த ஆண்டில் அவருடைய ஒரு புள்ளிக்குக் கோஷ்டி கொடுத்தது சுமார் 37 ஆயிரம் டாலர். நட்சத்திர ஆட்டக்காரரை இதைவிட மலிவாக வாங்குவது கடினம்.

ஆனால் பாலம் மூன்று ஆண்டில் முடிந்துவிட்டது. அடுத்த ஒப்பந்தத்தில் அவருடைய சம்பளம் 95 லட்சம். ஏறக்குறைய இரண்டு மடங்கு!

நீண்ட ஒப்பந்தம் ஆரம்பத்தில் கசக்கும், பின்னால் இனிக்கும். பாலம் ஆரம்பத்தில் இனிக்கும்; முடியும்போது கடிக்கும்.

பிஞ்சு கொட்டினால்?

இதுவரை சொன்னது எல்லாம் காய்த்த தோப்புகள். காற்று அடித்த தோப்பும் உண்டு.

நியூயார்க் "ஐலண்டர்ஸ்" கோஷ்டியின் கோல் காவலர் ரிக் டிபியட்ரோ. 2000-ம் ஆண்டுத் தேர்வில் முதல் ஆள். 2006 செப்டம்பரில், 24 வயதில், அவருக்குக் கொடுக்கப்பட்ட ஒப்பந்தம் 15 ஆண்டு! மொத்தம் 6¾ கோடி டாலர்.

முதல் இரண்டு சீசனில் 125 ஆட்டம் ஆடினார். பிறகு காயம் மேல் காயம். அதற்கு அடுத்த ஐந்து சீசனிலும் சேர்த்து அவர் ஆடியது 50 ஆட்டம்தான்.

2013-ல் கோஷ்டி அவருடைய ஒப்பந்தத்தை விலை கொடுத்து முறித்துக்கொண்டது. மிச்சம் இருந்த சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 2 கோடியே 40 லட்சம் டாலர், அவருக்குச் சேரவேண்டும். ஆண்டுக்கு 15 லட்சம் வீதம் 16 ஆண்டுத் தவணை. 2029-ல்தான் அந்தக் கணக்குத் தீரும். ஆடாத ஆட்டத்துக்குச் சம்பளம்!

அதே 2013-ல் அமலுக்கு வந்த உடன்பாட்டில், ஒப்பந்தம் 8 ஆண்டைத் தாண்டக்கூடாது என்று விதி செய்தார்கள். 2025-ல் ஏற்கப்பட்ட அடுத்த உடன்பாடு, 2026 செப்டம்பர் முதல் அதை 7 ஆண்டாகக் குறைக்கிறது.

டிபியட்ரோவைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அவர் பக்கத்தில் இருந்து பாருங்கள். பெரும் வேகத்தில் ஆட்கள் மோதிக்கொள்ளும் ஆட்டம் இது. 20 வயதுப் பையனின் ஒரே சொத்து அவன் உடம்பு. முழங்கால் ஒன்று முறுக்கிக்கொண்டால் அந்தச் சொத்து பாதி விலைக்குப் போய்விடும். இதனால்தான் பல வாலிபர்கள், பொறுத்தால் அதிகம் கிடைக்கும் என்று தெரிந்தும் முன்கூட்டியே கையெழுத்துப் போடுகிறார்கள். குறைத்து வாங்கும் பணம், அவர்கள் கட்டும் இன்ஷ்யூரன்ஸ் பிரீமியம்.

நியூஜெர்சி "டெவில்ஸ்" கோஷ்டியின் ஜாக் ஹியூஸ் 2021 நவம்பரில் 8 ஆண்டு ஒப்பந்தம் போட்டார். ஆண்டுக்கு 80 லட்சம் டாலர். அப்போது அவருக்கு வயது 20. தோள்பட்டைக் காயத்தில் இருந்து எழுந்து வந்த நேரம். அதற்கு முந்திய இரண்டு சீசனில் சேர்த்து அவர் எடுத்து இருந்ததே 52 புள்ளிதான்!

2022-23-ல் அவர் 99 புள்ளி எடுத்தார். விலை சுமார் 81 ஆயிரம். கோஷ்டி துள்ளிக் குதித்தது. அடுத்த இரண்டு சீசனிலும் காயம் காரணமாக 62 ஆட்டம் வீதமே ஆட முடிந்தது. 74 புள்ளி, 70 புள்ளி. விலை 1 லட்சத்தைத் தாண்டியது.

ஆட்டம் கெட்டுவிட்டதா? இல்லை. ஆடிய ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளிக்கு மேல் எடுத்து இருக்கிறார். உடம்புதான் விடவில்லை. வெறும் வகுத்தல் கணக்கில் இந்த வித்தியாசம் தெரியாது.

கணக்குக்கு எட்டாதது

வேறு சிலவும் அந்தக் கணக்கில் தெரிவது இல்லை.

கோல் காவலருக்குப் புள்ளியே கிடையாது என்று சொல்லலாம். அவர் வேலை கோல் போடுவது அல்ல, தடுப்பது. அவருக்குப் புள்ளி விலை பார்ப்பது, காவல்காரருக்கு விளைச்சல் கணக்குப் பார்ப்பது மாதிரி.

பின்வரிசைக்காரரும் அப்படித்தான். கொலராடோவின் கேல் மக்கார் 2021-ல், 22 வயதில், ஆண்டுக்கு 90 லட்சம் வீதம் 6 ஆண்டு ஒப்பந்தம் போட்டார். 2021-22-ல் அவர் எடுத்தது 86 புள்ளி. விலை சுமார் 1 லட்சத்து 5 ஆயிரம். அதே சீசனில் மெக்கின்னான் 88 புள்ளி. விலை சுமார் 72 ஆயிரம். அப்படியானால் மக்கார் நஷ்டமா? எதிரியைத் தடுப்பதுதான் அவருடைய முதல் வேலை. புள்ளி அதற்கு மேல் வந்த வரும்படி. சிறந்த பின்வரிசைக்காரர் பரிசும், கோப்பைப் போட்டிகளின் தலைசிறந்த ஆட்டக்காரர் பரிசும் அந்த ஆண்டில் அவருக்கே கிடைத்தன.

ஆகவே, சம்பளம் பேச உட்காரும்போது ஏஜெண்டுகள் மொத்தப் புள்ளியோடு நிற்பது இல்லை. அதே வயதில், அதே இடத்தில் ஆடியவர்களின் பட்டியலைக் கொண்டுவருகிறார்கள். ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று பார்க்கிறார்கள். முக்கியமாக, சம்பளம் அன்றைய உச்சவரம்பில் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார்கள். உச்சவரம்பு ஏற ஏற, பழைய ஒப்பந்தத்தின் கனம் குறைந்துகொண்டே போகும் அல்லவா?

பக்கத்து வீட்டுக்காரர் வந்தால்

மலிவாக வாங்கிய வாலிபரை எப்போதும் மலிவாகவே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாலும் ஆபத்து. வேறு கோஷ்டி வந்து, "நான் இவ்வளவு தருகிறேன்" என்று எழுதிக் கொடுக்க விதியில் இடம் இருக்கிறது. பழைய கோஷ்டி 7 நாளுக்குள் அதே பணத்தைக் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆள் போய்விடுவார். பழைய கோஷ்டிக்கு ஆறுதலாக, வரப்போகும் இளைஞர் தேர்வில் இடம் மட்டும் கிடைக்கும். அந்த இடம் எந்தச் சுற்றில் என்பது தொகையைப் பொறுத்தது.

2024 ஆகஸ்டில் எட்மண்டனுக்கு இதுதான் நடந்தது. செயிண்ட் லூயிஸ் "புளூஸ்" கோஷ்டி, எட்மண்டனின் இரண்டு வாலிபர்களுக்கு ஒரே நாளில் ஓலை அனுப்பியது. பின்வரிசைக்காரர் பிலிப் புரோபெர்க்குக்கு ஆண்டுக்கு சுமார் 46 லட்சம். முன்வரிசைக்காரர் டிலன் ஹாலோவேக்கு சுமார் 23 லட்சம்.

எட்மண்டனின் பானை ஏற்கனவே வழிந்துகொண்டு இருந்தது. இருவரையும் விட்டுவிட்டது.

ஹாலோவே அதற்கு முந்திய சீசனில் எட்மண்டனுக்காக எடுத்தது 9 புள்ளி. செயிண்ட் லூயிஸ் போன முதல் சீசனில் அவர் எடுத்தது 63 புள்ளி! ஒரு புள்ளிக்கு சுமார் 36 ஆயிரம் டாலர்தான். ஆட வாய்ப்பு கொடுத்தவர்களுக்குக் கனி கிடைத்தது.

எல்லோரையும் விட மலிவானவர்

அதே எட்மண்டனில்தான், இந்தக் காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பலராலும் போற்றப்படும் கானர் மெக்டேவிட் ஆடுகிறார்.

2015-ல் தேர்வின் முதல் ஆள். முதல் சீசனிலேயே கழுத்துப்பட்டை எலும்பு முறிந்து, 45 ஆட்டம்தான் ஆட முடிந்தது. 48 புள்ளி. இரண்டாம் சீசனில் 100 புள்ளி. லீக்கில் முதல் இடம். அந்த ஆண்டில் அவருடைய அடிப்படைச் சம்பளம் 9¼ லட்சம் டாலர். அதாவது ஒரு புள்ளிக்கு 9,250 டாலர்! போனஸ் முழுவதும் சேர்ந்தாலும் 38 ஆயிரத்தைத் தாண்டாது.

2017 ஜூலையில், 20 வயதில், 8 ஆண்டுக்கு 10 கோடி டாலர் என்று கையெழுத்துப் போட்டார். ஆண்டுக்கு 1¼ கோடி. அன்றைய உச்சவரம்பான 7½ கோடியில் அது சரியாக ஆறில் ஒரு பங்கு.

2022-23-ல் அவர் 153 புள்ளி எடுத்தார். விலை சுமார் 82 ஆயிரம் டாலர். 2025-26-ல் உச்சவரம்பு 9 கோடியே 55 லட்சம் ஆனபோது, அதே 1¼ கோடி ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு.

அந்த ஒப்பந்தம் முடியப்போகும் நேரம் வந்தது. 2025 செப்டம்பரில், மினசோட்டா கோஷ்டியின் கிரில் கப்ரிசோவ் ஆண்டுக்கு 1 கோடியே 70 லட்சம் என்று கையெழுத்துப் போட்டு, லீக்கின் சரித்திரத்திலேயே பெரிய சம்பளக்காரர் ஆனார். மெக்டேவிட் அதற்கும் மேல் கேட்கலாம். விதிப்படி ஒருவர் உச்சவரம்பில் ஐந்தில் ஒரு பங்கு வரை வாங்கலாம். 2026-27 கணக்கில் அது 2 கோடிக்கு மேல்!

2025 அக்டோபரில் அவர் கையெழுத்துப் போட்டார். 2 ஆண்டு. ஆண்டுக்கு அதே பழைய 1¼ கோடி.

அவர் பக்கத்தில் ஆடும் டிரைசைட்டிலின் புது ஒப்பந்தம் 1 கோடியே 40 லட்சம். ஒரு காலத்தில், இவ்வளவு கொடுக்கலாமா என்று கேட்கப்பட்ட அதே டிரைசைட்டில்!

மெக்டேவிட்டின் கணக்கு என்ன? 2024-லும் 2025-லும் எட்மண்டன் இறுதிப் போட்டி வரை வந்து, இரண்டு முறையும் புளோரிடாவிடம் தோற்றது. 1990-க்குப் பிறகு அந்த நகரத்துக்குக் கோப்பை கிடைக்கவில்லை. அவர் இலையில் குறைந்த சோறு மற்றவர்கள் இலைக்குப் போகிறது. அதனால் கோஷ்டி பலப்படுமா என்பது இந்த இரண்டு ஆண்டில் தெரிந்துவிடும்.

20 வயதில் அவர் நீண்ட ஒப்பந்தம் போட்டார். 28 வயதில் குறுகிய ஒப்பந்தம் போட்டு இருக்கிறார். வாலிபத்தில் உடம்புக்குப் பாதுகாப்பு தேவைப்பட்டது; இப்போது கோப்பை தேவைப்படுகிறது.

புள்ளியின் விலையை எந்தப் பள்ளிக்கூடப் பையனும் வகுத்துச் சொல்லிவிடுவான். ஒப்பந்தம் நல்லதா, கெட்டதா என்று மட்டும் முதல் ஆண்டில் யாராலும் சொல்ல முடியாது. பூவைப் பார்த்து விலை பேசினோம். காய் கனிந்த பிறகுதான் குத்தகைக் கணக்கு!